கரைக்கு வந்த கேள்விகள்

1554 பிப்ரவரி 24 அன்று ரோம் நகரிலிருந்து கோவாவுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதச் சொன்னவர் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. யார் பெயருக்கு எழுதப்பட்டதோ அவர் காஸ்பர் பார்சேயுஸ், இந்தியாவில் சபைக்குப் பொறுப்பாக இருந்த பாதிரியார். இந்தியாவிலிருந்து வரும் கடிதங்களை ரோமின் பெரிய மனிதர்கள் ஆசையாகப் படிக்கிறார்கள், ஆனால் சமயச் செய்தி மட்டும் அவர்களுக்குப் போதவில்லை என்கிறது கடிதம். அங்கே கோடையிலும் குளிர்காலத்திலும் பகல் எவ்வளவு நேரம் நீள்கிறது, கோடை எப்போது பிறக்கிறது, நிழல் இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா என்றெல்லாம் கேட்கிறது. கேள்விகளில் குறை ஒன்றும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்தான் இல்லை. கடிதம் எழுதப்படுவதற்கு நான்கு மாதம் முன்பே, 1553 அக்டோபரில், பார்சேயுஸ் கோவாவில் இறந்துவிட்டார். அந்தச் செய்தி அப்போதும் ரோமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

இன்று சென்னையிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்துகொண்டு, தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருக்கும் ஒரு சங்குகுளிக்காரரை வாட்ஸப் வீடியோவில் அழைத்து ஒரு மணி நேரம் பேட்டி எடுக்கும் ஆராய்ச்சி மாணவர், தான் செய்வது புத்தம் புதிய காரியம் என்று நினைத்தால் அதில் பாதிதான் உண்மை. எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று எண்ணாமல், மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பதிவதைப் பண்புசார் ஆய்வு என்று பல்கலைக்கழகங்கள் அழைக்கின்றன. அந்த வேலையை வீடியோ அழைப்பில் செய்வது புதிது. தொலைவில் ஒருவர் இருந்துகொண்டு இந்தக் கரையிடம் கேள்வி கேட்பதற்கோ ஏறக்குறைய ஐந்நூறு வயது.

அந்த ஐந்நூறு ஆண்டில் நல்ல தொடக்கம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது அன்றிக் அடிகளாருடையது. அன்றீக்கே அன்றீக்கசு என்ற இந்தப் போர்த்துக்கீசியர் 1546-இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டே தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அவருக்கு முன்பு 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அன்றிக் அடிகளார் துபாஷியை நம்பியிருப்பதில் திருப்தி அடையவில்லை. பரதவர்களிடமே தமிழ் கற்றார். 1549 வாக்கில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பனில், தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே உள்ள சிறு நூல். 1586-இல் வந்த ‘அடியார் வரலாறு’ பெரிய நூல். இரண்டும் அவருடைய உழைப்பு. 1600-இல் இறக்கும்வரை இந்தக் கரையே அவருக்கு வீடு.

அவர் ரோமுக்கு எழுதிய கடிதங்கள் இன்றைய கணக்கில் கள ஆய்வுக் குறிப்புகள். ஆனால் அவற்றில் பேசுபவர் அவர்தான். அவருக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்த கடற்கரைக்காரர்கள் பின்னணியில் நிற்கிறார்கள். தமிழ் அச்சின் வரலாற்றையே தொடங்கிவைத்த அந்த ஆசிரியர்களைப் பற்றி அவர் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கேள்விப் பட்டியலை ஆட்களிடம் கொடுத்து அனுப்பும் முறை இருநூறு ஆண்டுக்குப் பின் வந்தது. காலின் மெக்கன்சி நில அளவையாளர். அவருக்காகத் தென்னாடு முழுதும் ஊர் ஊராகப் போய்க் கர்ணங்களிடமும் கோயில்காரர்களிடமும் கதை கேட்டு எழுதியவர்கள் காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா போன்றவர்கள். மெக்கன்சி ஓரிடத்தில் இருப்பார்; அவருடைய கேள்விகள் நடந்துபோகும். அப்படிச் சேர்ந்த சுவடிகளில் ஒரு பெரும் பகுதி சென்னையில் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. போரையா 1803-இலேயே இறந்துவிட்டார். சேர்ந்ததெல்லாம் ‘மெக்கன்சி சுவடிகள்’ ஆயின.

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதிய ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழரான சைமன் காசிச்செட்டி, பரதவர்களின் தோற்றமும் வரலாறும் பற்றி எழுதிய கட்டுரை 1837-இல் லண்டனில், ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இதழில் வெளியானது. ‘தமிழ் புளூட்டார்க்’ எழுதிய அதே காசிச்செட்டிதான். கேட்கிறவரும் தமிழர், கேட்கப்படுகிறவரும் தமிழர் என்ற நிலை அந்த நூற்றாண்டில் அபூர்வம்.

அதன்பின் கேள்விகள் அச்சேறின. 1874-இல் பிரிட்டிஷ் அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் மானுடவியல் கேள்விகளை ஒரு கையேடாகவே போட்டது. “நாகரிகமடையாத நாடுகளில்” பயணம் செய்வோரும் வசிப்போரும் பயன்படுத்துவதற்கு என்று அட்டையிலேயே சொல்லியிருந்தது. லண்டனில் நாற்காலியில் அமர்ந்தபடி உலகத்து மக்களை ஆராய நினைத்தவர்களுக்குக் கலெக்டர்களும் பாதிரியார்களும் பதில் நிரப்பி அனுப்ப வேண்டும். பண்புசார் ஆய்வின் தொலைதூரக் கிளைக்கு அதுவே முதல் பாடப்புத்தகம் எனலாம்.

இரண்டு ஆண்டு கழித்து, 1876-இல், தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் பெர்லினிலிருந்து பெடோர் ஜாகோர் தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூருக்கு வந்து, ஊர்க்காரர்கள் பரம்பு என்று சொல்லும் மேட்டைத் தோண்டினார். இறந்தவர்களைப் புதைத்த தாழிகளும் மண்டையோடுகளும் இரும்பும் வெண்கலமும் பெர்லினுக்குக் கப்பலேறின. 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ இங்கே தொடர்ந்து தோண்டினார். ஏறக்குறைய 114 ஏக்கர் பரப்புள்ள இடம். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு வாள்கள் என்று அவர் எடுத்ததெல்லாம் எழும்பூரில் உள்ள சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1915-இல் அவற்றின் பட்டியல் நூலாக வந்தது. ரீ வேலையில் இருந்தபோதே பிரான்சிலிருந்து லூயி லாபிக்கும் வந்து தோண்டிப் போனார்.

ஆதிச்சநல்லூர் தாழிக்குள் இருந்தவர்களைப் பேட்டி எடுக்க முடியாது. ஆகவே அளந்தார்கள். 1930-இல் உடற்கூறியலாளர் சோலி சக்கர்மன் இந்த மண்டையோடுகளைப் பற்றி எழுதியது சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. எந்த இனம், எந்த வகை என்ற அந்தக் காலத்துக் கேள்விகளே அதில் ஓங்கி நிற்கின்றன. இறந்தவர்களை அளந்ததில் வியப்பில்லை. உயிரோடு இருந்தவர்களையும் அதே கருவிகளால் அளந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றி 1890-இல் ஒரு நூல் எழுதினார். பிறகு மக்கள் பக்கம் திரும்பி, கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார். அதில் அவர் நேரில் பார்த்தது கொஞ்சம். மக்கள்தொகை அறிக்கைகளிலிருந்தும், மாவட்டங்களிலிருந்து பலர் எழுதி அனுப்பிய குறிப்புகளிலிருந்தும் எடுத்தது அதிகம். நேரில் போனபோது என்ன நடந்தது என்பதற்கு அவரே ஒரு சான்று தருகிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் சிலரைப் பிடித்துப் பதப்படுத்தி சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம்! தர்ஸ்டன் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். ஓடியவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

வீடியோ பேட்டியில் நேர்ச் சந்திப்பின் நெருக்கம் கிடைக்காது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அளவுகோலோடு எதிரில் வந்து நிற்கும் அரசாங்க அதிகாரியை விட, எந்த நேரமும் சிவப்புப் பொத்தானை அழுத்தி அனுப்பிவிடக்கூடிய முகம் எத்தனையோ மேல்.

முத்தின் கதையிலும் தொலைதூர ஆய்வு உண்டு. லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902-இல் சில மாதங்கள் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெல் இலங்கையிலேயே தங்கினார். ஹார்னெல் பார்த்து அனுப்ப, ஹெர்ட்மன் லிவர்பூலிலிருந்து எழுத, 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகள் வந்தன. சிப்பிக்குள் முத்து உண்டாவதற்கு ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சுதான் காரணம் என்ற அவர்களுடைய கொள்கை நிற்கவில்லை. அந்த நம்பிக்கை தழைத்த காலத்தில், 1906-இல், இலங்கை அரசிடமிருந்து முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியும் சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்வளத்துறைக்கு வந்து, கடல்காரர்களோடு பழகி, 1914-இல் சங்கைப் பற்றி எழுதியது இன்றும் படிக்கத்தக்க நூல். தங்கியவர் எழுதியதற்கும் திரும்பியவர் எழுதியதற்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1955-இல் தொடங்கிய ஒரு வரிசையின் முடிவு அது. அதன்பின் பார்களில் சிப்பி தேறவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. ஆய்வுக்கூடத்தில் முத்து பிறந்தது, தொழில் திரும்பவில்லை. மூழ்கத் தெரிந்தவர்களுக்குச் சங்கு மட்டும் மிஞ்சியது. அதிலும் மூச்சை அடக்கிக் குளித்த தலைமுறை போய், கம்ப்ரசர் காற்றைக் குழாயில் வாங்கிக்கொண்டு இறங்கும் தலைமுறை வந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1961-இல் 20 வயதில் முத்துக்குக் குளித்தவருக்கு 2020-இல் 79 வயது. கொரோனா முடக்கம் வந்தது அந்த ஆண்டு மார்ச் 24 நள்ளிரவில். எந்த வயதுக்காரர்களிடம் கேட்டால் முத்துக்குளிப்பின் நேரடி நினைவு கிடைக்குமோ, அந்த வயதுக்காரர்களின் அருகே யாரும் போகக்கூடாது என்ற நிலை. உலகம் எங்கும் ஆய்வாளர்கள் அந்த வசந்தத்தில் இதே சுவரில் முட்டிக்கொண்டார்கள். ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் டெபோரா லப்டன், பெருந்தொற்றில் களப்பணி செய்வது எப்படி என்று எல்லோரும் சேர்ந்து எழுதும் ஓர் ஆவணத்தை இணையத்தில் திறந்துவைத்தார். பலரும் வந்து தங்கள் வழிகளை எழுதினார்கள்.

வழிகள் அதற்கு முன்பே இருந்தன. 1998-இல் அமெரிக்காவின் அனெட் மார்க்கம், இணையத்தில் வாழ்பவர்களைத் தட்டச்சு மூலமே பேட்டி கண்டு ஒரு நூல் எழுதினார். எழுத்தில் பதில் வருவதற்குள் காத்திருக்கும் வெறுமை, குரலும் முகமும் இல்லாத தவிப்பு எல்லாம் அதில் உண்டு. 2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. அதே 2003-இல், ஏப்ரல் மாதம், இந்திய உச்ச நீதிமன்றம் பிரபுல் தேசாய் வழக்கில் அமெரிக்காவில் இருக்கும் ஒரு மருத்துவரின் சாட்சியத்தை வீடியோ வழியாகப் பதியலாம் என்று தீர்ப்புச் சொன்னது. எதிரில் உடலோடு வந்து நின்றால்தான் முன்னிலை என்று அர்த்தம் இல்லை என்பது அதன் அடிப்படை. ஆராய்ச்சிக்காரர்கள் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நீதிமன்றம் முந்திக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, நவம்பரில் வாட்ஸப் வீடியோ அழைப்பு வந்தது. ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கொழும்பு உறவினரோடு பேசிய தூத்துக்குடி வீடுகள் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தன.

2019-இல் மாண்டி ஆர்ச்சிபால்ட் குழுவினர் ஜூம் வழியாக 16 பேரைப் பேட்டி எடுத்து, அந்த அனுபவத்தையே ஆராய்ந்தார்கள். இணைப்புக் கோளாறு பலருக்கு இருந்தது. ஆனாலும் பெரும்பாலோர் நேர்ச் சந்திப்பை விட, தொலைபேசியை விட ஜூமையே விரும்பினார்கள். பேட்டி கொடுத்தவர்கள் கணினி பழகிய, மருத்துவத்துறையைச் சேர்ந்த ஆட்கள். அந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு திரேஸ்புரத்துக்கு வருவது ஆபத்து.

ஏன் என்பதற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: பாகம். கடலின் ஆழத்தைக் கடல்காரர்கள் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை ஒரு பாகம். ஏறக்குறைய ஆறு அடி. எட்டுப் பாகத்தில் இறங்கினேன் என்று ஒரு முதியவர் சொல்லும்போது கை தானாக விரியும். கயிற்றை இழுத்து அளந்த கை அது. எதிரில் உட்கார்ந்திருப்பவர், அந்த விரிவைப் பார்த்தே ஆழத்தை உணர்ந்துவிடலாம். பேரன் நிமிர்த்திப் பிடித்திருக்கும் போனிலோ முகமும் கழுத்தும்தான் தெரியும். இரண்டு கையும் திரைக்கு வெளியே போய்விடும். “தாத்தா, கைய உள்ள கொண்டு வாங்க” என்று பேரன் சொன்னால், அவர் கையை மடக்கிக்கொள்வார், பேச்சும் நின்றுபோகும். போனைக் குறுக்குவாக்கில் திருப்பி, கை இரண்டும் தெரியும்படி தள்ளி ஒரு ஸ்டூலில் நிறுத்தச் சொல்லத் தெரிந்த ஆய்வாளருக்கு எட்டுப் பாகமும் கிடைக்கும்.

திசையும் அப்படித்தான். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்வைத்துப் பார் இருக்கும் இடத்தை அடையாளம் சொல்பவர், சொல்லும்போது கடலைப் பார்த்துத் திரும்பிவிடுவார். திரையில் அவர் முதுகுதான் தெரியும். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொல்லும் நேரத்தில் அந்தக் காற்றே மைக்கில் அடித்துச் சொல்லை விழுங்கும். இதெல்லாம் கருவிச் சிக்கல், பழகினால் சரியாகும்.

பழகினாலும் சரியாகாத சிக்கல் ஒன்று உண்டு. வீட்டுக்குள் நடக்கும் பேட்டியைக் கேள்வி கேட்பவர் மட்டுமா கேட்கிறார்? உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் தன் கூலியைப் பற்றி, கங்காணியைப் பற்றிப் பேச வேண்டும். போன் மகனுடையது, ஸ்பீக்கர் சத்தமாக இருக்கிறது, அடுத்த அறையில் மாமியார். களத்துக்குப் போன ஆய்வாளர் என்றால் அந்த அம்மாவோடு தண்ணீர்க் குழாய்வரை நடந்துகொண்டே பேசியிருப்பார். வீடியோவில் அந்த நடை கிடையாது. போராட்டக்காரர்கள் மீது போலீஸ் சுட்ட 2018 மே 22-க்குப் பிறகு தூத்துக்குடியில் ஒருவர், “இந்தப் பதிவு எங்கே போகும்?” என்று முதலில் கேட்டால் அதைத் தடங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்புதல் படிவத்தின் முதல் வரியே அந்தக் கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும். படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பிக் கையெழுத்து கேட்பதை விட, அதைத் தமிழில் வாசித்துக்காட்டி, சம்மதத்தைக் குரலிலேயே பதிந்துகொள்வது நேர்மையான முறை.

பழைய கணக்கில் பதில் எப்போதும் கரையிலிருந்து வெளியே மட்டும் போனது. ரோமுக்கு, லிவர்பூலுக்கு, பெர்லினுக்கு, எழும்பூருக்கு. அந்தப் போக்கு முதல்முறை திரும்பியதும் ஆதிச்சநல்லூரில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. தி. சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை 2004, 2005-இல் இங்கே மீண்டும் தோண்டியது. ஆண்டுகள் போயின, அறிக்கை வரவில்லை. இந்தப் பகுதி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு நீதிமன்றம் போனார். 2019 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அமெரிக்க ஆய்வகம் கணித்த காலம் தெரிவிக்கப்பட்டது: இரண்டு மாதிரிகள், கி.மு. 905, கி.மு. 696. இந்த முறை கேள்வி கேட்டது ஊர்; பதில் சொல்ல வேண்டியிருந்தது அலுவலகம்.

2021 அக்டோபரில் மத்தியத் துறையின் அகழாய்வு மறுபடி தொடங்கியது. 2023 ஆகஸ்டில், தாழிகளை எடுத்த இடத்திலேயே வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் ஏற்பாடு திறக்கப்பட்டு, அருங்காட்சியகத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. பொருள்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்ற நியாயம் ஒருவழியாகத் தாழிக்குக் கிடைத்துவிட்டது. குரலுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வீடியோ பேட்டியின் பதிவு பெரும்பாலும் ஆய்வாளரின் மடிக்கணினியிலோ பல்கலைக்கழகத்தின் சேமிப்பிலோ போய் உட்கார்ந்துவிடுகிறது. பேசியவரின் பெயர் ‘பங்கேற்பாளர் 7’ ஆகிவிடுகிறது. கூலியைப் பற்றிப் பேசிய உப்பளப் பெண்ணுக்கு அந்த மறைப்பு பாதுகாப்பு. பத்துப் பாகத்தில் மூழ்கி முத்தெடுத்த கதையைப் பெருமையாகச் சொன்ன முதியவருக்கு அது ஓர் இழப்பு. எது வேண்டும் என்று அவரிடமே கேட்கலாம். இப்போதைய முறையில் ஒரு பிரதியை அவர் வீட்டுப் போனுக்கே அனுப்ப ஒரு நிமிடம் போதும். அன்றிக் அடிகளார் காலத்தில் அது முடியாத காரியம். இலங்கையில் 2005-இல் தொடங்கிய நூலகம் அமைப்பு, தமிழ் நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் சேர்த்துவருகிறது. முத்துக்குளித்துறைக்கென்று தமிழ்நாட்டில் அப்படி ஒன்றை ஒரு கல்லூரியே தொடங்கிவிடலாம். பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை.

கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அக்காவோ தங்கையோ விதவையாகிவிடக் கூடாதே என்ற கவலை அவனுக்குத்தான் அதிகம் என்பார்கள். அது உண்மையா, ஊர்ப்பேச்சா என்று சொல்லக்கூடியவர்கள் 1961-இல் படகில் இருந்தவர்கள். இன்று அவர்களுக்கு எண்பதுக்கு மேல். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஆராய்ச்சிக்காரர் யாரும் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். போனைக் குறுக்குவாக்கில் திருப்பி, கை இரண்டும் தெரிகிற தூரத்தில் நிறுத்தி, இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.